பிலிமும் பிக்சலும்

(சங்க அங்கத்தவர் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவு)





விஞ்ஞானப் பொருளொன்றைப் பற்றி எளிய தமிழில் பேசும்படி சங்கத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். விஞ்ஞானம் என்றதும் வானத்தையும் அணுவையும் தேடிப் போகவேண்டிய அவசியமில்லை. நம்மவர் வீடுகளில் இன்று நடக்கும் ஒரு வழக்கையே பொருளாக எடுத்துக்கொள்கிறேன்.

வழக்கு இதுதான். அலுமாரியின் மேற்றட்டில் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது. அதற்குள்ளே பழைய நெகற்றிவ்களும் படங்களும் கிடக்கின்றன. கலியாணப் படம், தேர்த்திருவிழாப் படம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிப் படம் எல்லாம் அதில் உண்டு. மகன் சொல்கிறான்: "அப்பா, என்னுடைய போன் 50 மெகாபிக்சல். இந்தப் பழைய பிலிமில் அதில் காற்பங்குகூட இராது. போனால் ஒருமுறை படம் எடுத்து வைத்துக்கொண்டு, பெட்டியை எறிந்துவிடுவோம்." தகப்பனாரோ, "அந்தக் காலத்துப் பிலிமுக்கு உன்னுடைய கருவி ஒருநாளும் இணையாகாது" என்கிறார். இருவரும் தத்தம் பக்கத்தில் உறுதியாக நிற்கிறார்கள். ஆனால் இருவருமே அளவுகோல் இன்னதென்று பாராமல் அளக்கப் புறப்பட்டவர்கள். இந்த வழக்கில் தோற்பது பெரும்பாலும் அந்தத் தகரப்பெட்டிதான். ஆகையால் இதை நிதானமாக விசாரிப்பது நமது கடமை.

முதலில், பிரிதிறன் என்பது யாது? அருகருகே இருக்கும் இரண்டு பொருள்களை இரண்டாகவே பிரித்துக் காட்டும் ஆற்றலுக்குப் பிரிதிறன் என்று பெயர். தமிழ் படித்தவர்களுக்கு இதை விளக்க நமது மெய்யெழுத்தே போதும். 'க' என்பதற்கும் 'க்' என்பதற்கும் உள்ள வேறுபாடு மேலே இடப்படும் ஒரு புள்ளி. அச்சுப் புத்தகத்தில் அந்தப் புள்ளியின் அகலம் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர்தான். படம் எடுக்கும் கருவி அந்தப் புள்ளியை எழுத்தினின்றும் பிரித்துக் காட்டினால் சொல் பிழைக்கும். காட்டாவிட்டால் பொருளே மாறிவிடும். ஒரு முழுப் பத்திரிகைப் பக்கத்தை 1600 பிக்சல் நீளத்துக்குள் அடக்கினால், ஒரு பிக்சலுக்குக் காகிதத்தில் மூன்றில் ஒரு மில்லிமீற்றர் கிடைக்கும். அரை மில்லிமீற்றர்ப் புள்ளி அங்கே கரைந்து போகும். பக்கம் முழுவதும் இருப்பதுபோலத் தோன்றும். வாசிக்கப் போனால்தான் இல்லாதது தெரியும்.

விஞ்ஞானிகள் புள்ளிக்குப் பதிலாகக் கோடுகளை வைத்து அளக்கிறார்கள். கறுப்புக் கோடு ஒன்று, வெள்ளை இடைவெளி ஒன்று. இரண்டும் சேர்ந்து ஒரு கோட்டுச் சோடி. ஒரு மில்லிமீற்றர் அகலத்துக்குள் இத்தகைய சோடிகள் எத்தனையைப் பிரித்துக் காட்டுகிறது என்பதே பிலிமின் பிரிதிறன். டிஜிட்டல் கமராவில் ஒரு சோடியைக் காட்டுவதற்குக் குறைந்தது இரண்டு பிக்சல்கள் வேண்டும்: கறுப்புக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னர் உதவும்.

இனி, இரண்டும் ஒளியை எவ்வாறு பிடிக்கின்றன என்று பார்ப்போம். பிலிமின் மேலே மெல்லிய ஜெலற்றின் பூச்சு ஒன்று உண்டு. அதற்குள்ளே வெள்ளி உப்பின் நுண்ணிய மணிகள் தூவப்பட்டிருக்கின்றன. ஒளி பட்ட மணிகள், இரசாயனக் கரைசலில் கழுவும்போது கறுத்த வெள்ளியாகின்றன. நிறப் பிலிமில் இறுதியில் வெள்ளி நீங்கி, அது இருந்த இடத்தில் சாய முகில்கள் தங்குகின்றன. இந்த மணிகளுக்கு வரிசையும் இல்லை, ஒரே அளவும் இல்லை. வயலில் விதைநெல்லைக் கையால் வீசியதுபோல் அவை கிடக்கின்றன. டிஜிட்டல் கமராவோ வரிசை பிடித்து நட்ட நாற்றுவயல். சிலிக்கன் தகட்டின்மேல் சதுரச் சதுரமாகக் கலங்கள் அணிவகுத்து நிற்கின்றன. ஒவ்வொரு கலமும் தன்மேல் விழுந்த ஒளியின் அளவை ஓர் எண்ணாகச் சொல்கிறது. அந்தக் கலமே பிக்சல்; பத்து இலட்சம் பிக்சல் சேர்ந்தது ஒரு மெகாபிக்சல்.

இங்கே இன்னொரு சங்கதியும் உண்டு. அந்தக் கலத்துக்கு நிறம் தெரியாது. ஆகவே ஒவ்வொன்றின் மேலும் ஒரு நிறக்கண்ணாடி வைக்கப்படுகிறது. கொடாக் நிறுவனத்தின் விஞ்ஞானி பிறைஸ் பேயர் என்பவர் வகுத்து, 1976ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற முறையில், பாதிக் கலங்கள் பச்சை, காற்பங்கு சிவப்பு, காற்பங்கு நீலம். 24 மெகாபிக்சல் கமராவில் உண்மையாக அளக்கப்படுவது பச்சையில் 12 மெகாபிக்சல், சிவப்பிலும் நீலத்திலும் அவ்வாறு மும்மூன்றல்ல, ஆறாறு. ஒவ்வொரு புள்ளியிலும் மிஞ்சிய இரண்டு நிறங்களையும் அயற்கலங்களைப் பார்த்துக் கமரா கணித்து நிரப்புகிறது. நிறப் பிலிமிலோ மூன்று நிறங்களுக்கும் மூன்று படைகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. ஆகையால் பெட்டியில் எழுதிய மெகாபிக்சல் எண்ணைப் பிலிமின் எண்ணோடு நேருக்கு நேர் நிறுத்துவது நீதியன்று.

இப்பொழுது கணக்குக்கு வருவோம். ஜேர்மனியில் ஒஸ்கார் பார்னாக் அமைத்த லைக்கா கமரா 1925இல் விற்பனைக்கு வந்தபின், 35 மில்லிமீற்றர்ப் பிலிம் உலகெங்கும் பரவியது. அதில் ஒரு படத்தின் அளவு 36 மில்லிமீற்றர் நீளம், 24 மில்லிமீற்றர் உயரம். நுட்பமான நிறப் பிலிம்களுள் ஒன்றென்று புகழ்பெற்ற பூஜி நிறுவனத்தின் வெல்வியாவை எடுத்துக்கொள்வோம். அதன் தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில் ஓர் எண் அல்ல, இரண்டு எண்கள் உள்ளன. ஒன்று 160 கோட்டுச் சோடி, மற்றொன்று 80. முதலாவது, ஆயிரத்துக்கு ஒன்று என்ற ஒளி வேறுபாட்டில், அதாவது பளிச்சென்ற வெள்ளையில் மைக்கறுப்புக் கோடுகளை வைத்துச் சோதித்தது. இரண்டாவது, வேறுபாடு குறைந்த மங்கிய கோடுகளை வைத்துச் சோதித்தது. தலைமயிரும், சேலை மடிப்பும், முகத்துச் சுருக்கமும் பெரும்பாலும் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

160 சோடி என்றால் 11520 பிக்சல் நீளம், 7680 பிக்சல் உயரம். பெருக்கினால் 88 மெகாபிக்சல். 80 சோடி என்றால் 5760 பிக்சல், 3840 பிக்சல். பெருக்கினால் 22 மெகாபிக்சல். ஆனால் சாதாரண லென்ஸ், கையில் பிடித்த கமரா, சற்றுத் தவறிய குவியம் ஆகிய எல்லாம் சேர்ந்து 50 சோடியே பதிந்தது என்று வைத்துக்கொண்டால், 3600 பிக்சல், 2400 பிக்சல்; பெருக்கினால் 9 மெகாபிக்சல்கூட இல்லை. பார்த்தீர்களா? ஒரே பிலிம், ஒரே அளவு. விடையோ 88, 22, 9 என்று மூன்று!

பிலிம் எத்தனை மெகாபிக்சலுக்குச் சமம் என்று கேட்பது, ஒரு மூடை நெல்லைக் குத்தினால் எத்தனை கொத்து அரிசி தேறும் என்று கேட்பது போன்றது. என்ன நெல், எவ்வளவு காய்ந்தது, எந்த மில்லில் குத்தினது என்று திருப்பிக் கேட்காமல் விடை சொல்பவன் விவசாயி அல்லன்.

இதே நீதி மகனுடைய போனுக்கும் உண்டு. 50 மெகாபிக்சல் போன்களிற் பெரும்பாலானவற்றின் ஒளித்தகடு, 35 மில்லிமீற்றர்ப் படத்தின் பரப்பிலே பத்தில் ஒரு பங்கும் இல்லை. ஒரு கலத்தின் அகலம் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒளி அலையாகப் பரவும் இயல்புடையது. எவ்வளவு சிறந்த லென்ஸும் ஓர் ஒளிப்புள்ளியை அதைவிடப் பெரிய வட்டமாகவே விழுத்தும். அந்த வட்டம் இரண்டு கலங்களுக்கு மேலாகப் பரவிவிடும். அன்றியும், அத்தனை சிறிய கலத்துக்குக் கிடைக்கும் ஒளியும் சொற்பம். இதை உணர்ந்தே, அந்தப் போன்கள் வழக்கமாக நான்கு கலங்களை ஒன்றாகச் சேர்த்துப் பன்னிரண்டரை மெகாபிக்சல் படமாகக் கொடுக்கின்றன. ஆகவே 50 என்பது பொய்யென்று நான் சொல்லவில்லை. அது கலங்களின் தொகை, பார்வையின் தொகை அன்று.

பெரிய டிஜிட்டல் கமராக்களின் கதை வேறு. 35 மில்லிமீற்றர்ப் படத்தின் முழு அளவுள்ள தகட்டோடு 2002இல் கனன் நிறுவனம் அறிவித்த கமரா 11 மெகாபிக்சல் கொண்டது. 2008இல் அதே நிறுவனத்தின் இன்னொரு கமரா 21ஐ எட்டியது. 2019இல் சோனியின் கமராவொன்று 61ஐ எட்டியது. நல்ல லென்ஸோடு இவை 35 மில்லிமீற்றர் நிறப் பிலிமை வென்றுவிட்டன என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். ஒளி குறைந்த இடத்திலே வெற்றி இன்னும் தெளிவானது. வேகப் பிலிமில் மணி பெருத்துப் படம் பொரிந்து போகும். புதிய கமராக்கள் விளக்கு வெளிச்சத்திலும் துலக்கமாக எடுக்கின்றன.

அப்படியானால் தகப்பனாரின் கட்சி முற்றாகத் தோற்றதோ? இல்லை. இங்கேதான் பலரும் மறக்கும் உண்மை இருக்கிறது. பிலிம் என்றால் 35 மில்லிமீற்றர் மட்டும் அன்று. அதற்கு முன்னும் அதனோடு கூடவும், ஸ்டூடியோக்களில் பெரிய பிலிமும் கண்ணாடித் தகடும் உபயோகத்தில் இருந்தன. ஆறு சென்ரிமீற்றர்ச் சதுரப் படத்தின் பரப்பு 35 மில்லிமீற்றர்ப் படத்தைப்போல் மூன்றரை மடங்கு. நான்கு அங்குலத்துக்கு ஐந்து அங்குலத் தகடு பதின்மூன்று மடங்கு. இந்தப் பெரிய தகட்டில் மில்லிமீற்றருக்கு 40 சோடி மாத்திரமே பதிந்தது என்று குறைத்துக் கணக்கிட்டாலும், 73 மெகாபிக்சல் வருகிறது. ஆகவே, பேரன் எடுத்த போன் படத்தைவிட, முக்காலியில் கமராவை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு ஸ்டூடியோக்காரர் எடுத்த பூட்டனாரின் படத்தில் அதிக நுணுக்கம் இருக்கக் கூடும். அதே காலத்தில் ஒற்றை லென்ஸ் வைத்த மலிவான பெட்டிக் கமராவில் எடுத்த படத்தில் அது இராது. பழையது என்பதற்காகச் சிறந்ததும் இல்லை, புதியது என்பதற்காகச் சிறந்ததும் இல்லை.

இத்தனைக்கும், டிஜிட்டல் முறை உலகை வென்றது பிரிதிறனால் அன்று என்பதை நீங்கள் அறியவேண்டும். 1975ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரொச்செஸ்ரர் நகரிலே, கொடாக் நிறுவனத்துப் பொறியியலாளர் ஸ்ரீவன் சாசன் முதலாவது டிஜிட்டல் கமராவை அமைத்தார். நூற்றுக்கு நூறு, அதாவது 10,000 பிக்சல். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 வினாடி சென்றது. எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல். பிரிதிறனை மாத்திரம் பார்த்தவன் அதைக் கண்டு சிரித்திருப்பான். ஆனால் அந்தப் பிலிம் நிறுவனமே 2012ஆம் ஆண்டு முறிவுப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் செல்ல நேர்ந்தது.

வென்றது எதனால்? வேகத்தால். அமெரிக்கர்கள் 1960 முதல் 1972 வரை கொறோனா என்ற பெயரில் வேவுச் செய்மதிகளை அனுப்பினார்கள். அவை விண்ணிலிருந்து பிலிமில் படம் எடுத்தன. எடுத்த பிலிமை ஒரு கூட்டுக்குள் வைத்துப் பூமிக்கு எறிய, பரசூட்டில் இறங்கிய அக்கூட்டை ஆகாய விமானம் நடுவானில் கொளுவிப் பிடித்தது. படம் மிக நுட்பமானது. ஆனால் கைக்கு வருமுன் நாட்கள் கழிந்துவிடும். 1976இன் இறுதியில் ஏவப்பட்ட புதுவகைச் செய்மதி, படத்தை மின்குறியாக்கி வானிலிருந்தே அனுப்பியது. அன்று முதல் காத்திருக்கும் காலம் ஒழிந்தது.

வானியலாரும் பிலிமைக் கைவிட்டார்கள். அவர்களுக்குக் காரணம் வேறு. கண்ணாடித் தகட்டில் விழும் ஒளித்துகள் நூற்றில் ஒன்றிரண்டே பதியும். 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் பொயில், ஸ்மித் என்னும் இருவர் வகுத்த சிலிக்கன் தகட்டின் வழிவந்த கருவிகளோ நூற்றில் எண்பது, தொண்ணூறைப் பிடிக்கின்றன. அதற்காக 2009இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் பழைய தகடுகளை வானியலார் எறிந்துவிடவில்லை. அமெரிக்காவின் பலோமர் மலையில் 1949 முதல் வானத்தைப் பகுதி பகுதியாகப் பதிந்த தகடுகளைப் பின்னர் ஸ்கான் செய்து, 1994இல் குறுந்தட்டுகளாக வெளியிட்டார்கள். ஏனெனில் 1950ஆம் ஆண்டின் வானத்தை இன்று எந்தக் கமராவாலும் எடுக்க முடியாது.

அன்பர்களே, இந்த ஒரு வசனத்தில்தான் நமது வழக்கின் தீர்ப்பு இருக்கிறது. நாளைய படத்துக்கு எந்தக் கமரா நல்லது என்பது ஒரு கேள்வி. அதற்கு விடை டிஜிட்டல் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். நேற்றைய படத்தின் நெகற்றிவை என்ன செய்வது என்பது வேறு கேள்வி. அங்கே போட்டியே இல்லை. அந்த நாள் வேறெங்கும் பதியப்படவில்லை.

இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். வங்காளத்துச் சத்யஜித் ராய் 1955இல் வெளியிட்ட பதேர் பாஞ்சாலியை நீங்கள் அறிவீர்கள். அதன் மூல நெகற்றிவ் இலண்டனில் ஓர் ஆய்வுகூடத்தில் இருந்தபோது, 1993ஆம் ஆண்டு தீயில் கருகியது. கருகிய சுருள்களைக் குப்பையில் போடாமல், அமெரிக்காவில் ஒஸ்கார் பரிசு வழங்கும் கழகத்தின் காப்பகத்தில் வைத்தார்கள். அப்பொழுது அவற்றை உயிர்ப்பிக்கும் வழி இருக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பின் இத்தாலியின் பொலோன்யா நகரத்து வல்லுநர்கள், முறுகிப்போன பிலிமுக்கு ஈரம் ஊட்டி, ஓரத்துளைகளைக் கையால் செப்பனிட்டு, படம் படமாக ஸ்கான் செய்தார்கள். பயன்படாத பகுதிகளை வேறு பிரதிகளிலிருந்து எடுத்து நிரப்பினார்கள். 2015இல் அந்தப் படம் மீண்டும் திரைக்கு வந்தது. பிலிமையும் டிஜிட்டலையும் பகையாளிகளாக நினைப்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். பிலிம் காத்து வைத்தது. டிஜிட்டல் மீட்டுக் கொடுத்தது.

பிரதி இல்லாத பொருளுக்கு நேரும் கதியை நமக்கு வேறு எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, ஒற்றைப் பிரதியாக இருந்த சுவடிகளும் நூல்களும் மீளாமற் போயின. அந்தப் பாடத்தைக் கற்றவர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் இணைய நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பக்கம் பக்கமாக ஸ்கான் செய்து வைத்துவருகிறது. ஊர்கள் செய்யத்தக்க அதே வேலையை வீடுகளும் செய்யலாம்.

எப்படிச் செய்வது? சில வார்த்தைகளில் சொல்கிறேன்.

அச்சடித்த படத்தை அல்ல, கிடைக்குமானால் நெகற்றிவையே ஸ்கான் செய்யுங்கள். நுணுக்கம் அதிலேதான் அதிகம். 35 மில்லிமீற்றர் நெகற்றிவுக்கு அங்குலத்துக்கு 4000 புள்ளி போதுமானது. அதில் 21 மெகாபிக்சல் படம் கிடைக்கும். முன்னர் நாம் கண்ட 22 என்ற கணக்குக்கு இது ஒத்துவருவதைக் கவனியுங்கள். பெரிய நெகற்றிவுக்கு அதில் பாதி வைத்தாலும் நல்ல படம் வரும். அச்சுப்படம் மாத்திரமே இருந்தால் அங்குலத்துக்கு 600 புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். நிறப் படங்களின் சாயம் வருடந்தோறும் வெளிறுவதால் அவற்றை முதலில் செய்யுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தின் வெள்ளி சற்றுக் காத்திருக்கும். பெட்டியைத் திறந்ததும் வினாகிரி மணம் வீசினால், பிலிமின் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அறிந்து, அந்தச் சுருளைப் பிரித்து வைத்து உடனே கவனியுங்கள். மாரி காலத்து ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும்; ஆகையால் காற்றோட்டமுள்ள, உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

ஸ்கான் செய்த படத்தைப் போன் வழியாக உறவினருக்கு அனுப்பிவிட்டு, அதுவே காப்பு என்று இருந்துவிடாதீர்கள். சாதாரணமாக அனுப்பும்போது படம் சுருக்கப்பட்டே செல்கிறது. மூலப் பிரதி வேறாக இருக்கவேண்டும். அதையும் ஒரே கணினியில் வைத்தல் ஆகாது. பிலிம் மெல்ல மெல்லக் கெடும். பாதி கெட்டாலும் வெயிலுக்கு நேரே பிடித்தால் முகம் தெரியும். கணினித் தட்டோ கெட்டால் ஒரே நாளில் முழுவதும் போய்விடும். ஆகவே மூன்று பிரதிகள். அவற்றுள் ஒன்று வேறு வீட்டில். இவ்வளவும் செய்தபின்னும் நெகற்றிவை எறியாதீர்கள். இன்றைய ஸ்கானரைவிட நல்லதொன்று நாளை வரும். அது வரும்போது திரும்பிப் பார்க்க மூலம் இருக்கவேண்டும்.

இறுதியாக ஒன்று. இளைஞர்களே, கருவியை இயக்க நீங்கள் அறிவீர்கள். பெரியோர்களே, படத்தில் இரண்டாம் வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் யார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். 9 மெகாபிக்சலோ 88 மெகாபிக்சலோ, எந்தக் கமராவும் அந்தப் பெயரைப் பதிந்து வைக்கவில்லை. படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதப்படாவிட்டால், எவ்வளவு துலக்கமான முகமும் இன்னொரு தலைமுறையில் அந்நியர் முகமாகிவிடும்.

ஆகையால் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்குவோம். பெரியவர்கள் தங்கள் பெட்டிகளைக் கொண்டுவரட்டும்; இளைஞர்கள் ஸ்கான் செய்யட்டும்; அருகில் ஒருவர் கொப்பியும் பென்சிலுமாக இருந்து பெயர்களைக் கேட்டு எழுதட்டும். பெயர் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்துவிடவேண்டும்.